பின் சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுவது பயன் தருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முன் சக்கரங்கள் இழுக்கும் பழைய சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) கிடையாது. சில காலமாக பிரேக் பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகே பிடிக்கத் தொடங்குகிறது. கைப்பிரேக்கையும் ஏறத்தாழ கடைசி வரை இழுக்க வேண்டியிருக்கிறது. இதே மாடலின் உயர் வகையில் பின்னாலும் டிஸ்க் இருந்ததால், உடைப்புக்குப் போன வண்டி ஒன்றிலிருந்து காலிபர்களையும் (உராய்வுக் கட்டைகளான பேடுகளை டிஸ்க்கின் இருபுறமும் அழுத்தும் பாகம்) டிஸ்க்குகளையும் கழற்றி என் வண்டியில் பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். போல்ட் துளைகள் பொருந்தினால் போதுமா, பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் வரை மாற்ற வேண்டுமா? வண்டி நிற்கும் தூரம் உண்மையிலேயே குறையுமா?

மறுமொழி 1

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இப்போதுள்ள பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் என்றால், அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானமே தவிர பிரேக் அல்ல. பின்னால் டிஸ்க் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், உங்களுடையதைப் போன்ற வண்டியில் 70 விழுக்காடு அல்லது அதற்கும் மேற்பட்ட வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரம்மின் உட்புறத்தில் அழுத்தி நிறுத்தும் பின் பிரேக் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட்டைத்தான். ஷூவின் உராய்வுப் பரப்பான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதைத் தானாகவே ஈடுகட்ட வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டால், அந்த இடைவெளியை எல்லாம் உங்கள் கால்தான் கடக்க வேண்டும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை ஒருமுறை மிதித்து எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மீண்டும் மிதியுங்கள். இப்போது பெடல் தெளிவாக உயரத்திலேயே பிடித்தால் குறை பின் ஷூவில் இருக்கிறது. மாற்றம் எதுவும் தெரியாமல் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் செல்லும் லைனில் காற்று இருக்கலாம். மெதுவாகத் தரைவரை இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது என்று பொருள். டிரம்மைக் கழற்றும்போது ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி உறையை விரலால் லேசாக விலக்கி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரிதான். ஆனாலும் டிஸ்க்கால் பயனே இல்லை என்று ஒதுக்க மாட்டேன். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கோ பேடை நோக்கித்தான் தடிக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினால் டிஸ்க் சீக்கிரம் உலரும், பேட் மாற்றுவதும் எளிது. பாரத்தோடு நீண்ட இறக்கங்களில் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

போல்ட் துளை பொருந்துவது இந்த வேலையின் சிறிய பகுதி. பெரிய பகுதி முன், பின் பிரேக்குகளுக்கு இடையிலான சமநிலை. டிரம்மில் முன்நோக்கிய ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளிழுத்து அழுத்துவதால், குறைந்த ஆயில் அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைக்கும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. அதை ஈடுசெய்யத்தான் காலிபர் பிஸ்டனைப் பெரிதாக வைக்கிறார்கள். பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உங்கள் வண்டியில் டிரம்முக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க்கை மாட்டினால் பின் பிரேக் சோம்பலாக இருக்கலாம், அல்லது முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் ஆபத்து: பின் சக்கரம் முதலில் வழுக்கினால் வண்டி திரும்பிவிடும், ஸ்டியரிங்கால் மீட்பது கடினம். ஆகவே உயர் வகையின் வால்வையும் சேர்த்தே எடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் பெரும்பாலும் அதன் உடலிலேயே வார்க்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் அதையும் மாற்றுங்கள். சில பழைய வண்டிகளில் டிரம் லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அது அங்கேயே இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும்.

பலரும் கடைசியில் நினைத்துப் பார்ப்பது கைப்பிரேக். சில காலிபர்களில் அதற்கான திருகு பிஸ்டனுக்குள்ளேயே இருக்கும். புதுப் பேட் போடும்போது அந்தப் பிஸ்டனை அதற்குரிய கருவியால் சுழற்றி உள்ளே செலுத்த வேண்டும், கிளாம்ப் வைத்து நெரித்தால் உள் அமைப்பு கெட்டுவிடும். கேபிளும் வேறு நீளம். இத்தகைய காலிபர்களில் இன்னொன்றும் உண்டு: நன்றாகச் சூடேறிய நிலையில் சரிவில் நிறுத்தினால், டிஸ்க் ஆறும்போது சுருங்கிப் பிடி தளரலாம். அதனால் கியரிலும் போட்டுவிட்டே இறங்க வேண்டும். பழைய டிரம் இந்த ஒரு விஷயத்தில் இன்றும் மேல்தான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன், கைப்பிரேக் இழுத்த நிலையில் பெடல் மேலேயே பிடிக்கிறது. முதலில் டிரம்மைத் திறந்து அட்ஜஸ்டரையும் ஷூவையும் பார்க்கிறேன். பிறகும் டிஸ்க்குக்குப் போவதென்றால், முழு அச்சையே எடுப்பது நல்லதா, உதிரிகளாக எடுப்பதா?

மறுமொழி 3

முடிந்தால் முழு அச்சையே எடுங்கள். ஹப், காலிபர் தாங்கி, கேபிள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும். டிஸ்க் காலிபரை உங்கள் ரிம் உள்ளே ஏற்குமா என்பதை வாங்கும் முன்பே ரிம்மை வைத்துப் பாருங்கள், சிறிய ரிம்கள் இடிக்கும். பொருத்தும்போது காற்றெடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறிவிட்டால் அது கீழே போய்விடும், எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் காற்று வெளியேறாது. ஹோஸையும் ஆயிலையும் புதிதாகவே போடுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதனுடன் கலக்கக் கூடாது.

பிரேக்கில் இத்தகைய மாற்றத்துக்கு உங்கள் பகுதிப் போக்குவரத்து விதிகளும் காப்பீடும் இடம் தருகின்றனவா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஆளில்லாத திறந்த இடத்தில், மெதுவான வேகத்தில் ஓங்கிப் பிரேக் பிடியுங்கள். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்பதை ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். பின் சக்கரம் முந்தினால் வால்வைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.