ஏலகிரி ஏற்றத்தில் உயரம் காட்டாத சைக்கிள் ஜிபிஎஸ்

வணக்கம், காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் மீட்டரில் தூரம், வேகம் எல்லாம் சரி, உயரம்தான் தகராறு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நாக்குத் தள்ள மிதிக்கிறேன், அது சரிவு 0 சதவீதம் என்கிறது! பாலாற்றுப் பாலத்தில் வெயிலில் சும்மா நின்றால் இறங்குவதாகக் கணக்கு.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் கருவி இது. அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. அதைச் சுற்றி வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நம்ம வேலூர் வெயில் அப்படி. துளை அடைத்ததுதான் காரணமா? குண்டூசியால் குத்தினால் உள்ளே சென்சார் போய்விடுமோ என்று பயம். தண்ணீரில் ஊறவைத்துச் சரிசெய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? அப்புறம், கிளம்பும்போது உயரத்தை நாமே பதிவு செய்தால் பலன் உண்டா?