பள்ளத்தூர் வீடு: முட்டைப் பூச்சை உரித்துவிட்டுச் சுவர்ப் புட்டி அடிக்கச் சொல்கிறார் காண்ட்ராக்டர், செய்யலாமா?

பின்கட்டுப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறது. ஐயாவின் அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப், போய்ச் சம்பாதித்துக் கட்டியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு வரும்படி நின்றது. அதற்கப்புறம் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்ததைத் தவிர உருப்படியான வேலை எதுவும் நடக்கவில்லை. இப்போது 5 புள்ளிக்கு, அதாவது 5 பங்காளிக் குடும்பத்துக்கு, பொது. வருகிற தையில் தங்கைக்குக் கல்யாணம், வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதம். இது ஆனி. நான் இருப்பது பெங்களூரில், மாதம் இரண்டு தடவை வந்து போகிறேன்.

பிரச்சினை வளவின் மேற்குச் சுவர். ஓதம் ஏறுகிறது என்று 12 வருடத்துக்கு முன்னால் சித்தப்பா அடியில் 3 அடி உயரத்துக்கு சிமெண்ட் பூசிவிட்டார். அந்த 3 அடி இன்றைக்கும் பாறை மாதிரி நிற்கிறது. அதற்கு மேலே ஒரு முழத்துக்கு, பழைய முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) அப்பளம் மாதிரி பொரிந்து விழுகிறது. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. சிரிக்காதீர்கள். தரையில் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) வேறு 11 உடைந்து கிடக்கிறது.

காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். சுவர் முழுக்க உரித்து சிமெண்ட் பூசி, இரண்டு கை புட்டி, மேலே எமல்ஷன். தரைக்கு அந்தக் கல் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ். 20 நாளில் சாவியைக் கையில் கொடுத்துவிடுவாராம். “பழசைக் கட்டிக்கிட்டு அழுகாதீங்க அண்ணே” என்றார். அப்பத்தா அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?

வயிரவன் வீட்டு ஆச்சி:

தம்பி, அப்பத்தா செய்தது சரி.

நான் கானாடுகாத்தானில் எங்கள் பங்கு வீட்டை எடுத்துக்கட்டி 5 வருடம் ஆகிறது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். முதலில் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுங்கள். வளவைச் சுற்றி நாலு பக்கத்து ஓடும் சேருகிற கூடல்வாயில் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த மூலைக்கு நேர் கீழேதான் சுவர் அழுதது. மூன்று வருடம் சுவரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கூடல்வாய் தகட்டை மாற்றி, நகர்ந்த நாட்டு ஓடுகளைச் சொருகி முடித்துவிடுங்கள். அதில் அழகு ஒன்றும் தெரியாது, யாரும் போட்டோ எடுக்கவும் மாட்டார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான், பட்டியலா வந்து நம் ஓட்டைச் சொருகப் போகிறது?

அடுத்தது அந்த 3 அடி சிமெண்ட். அதை எடுத்தே ஆகவேண்டும். அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புச் சுவரில் மெல்ல மூச்சு விட்டுக் காய்ந்துபோகும். சிமெண்ட் போட்டு மூக்கை அடைத்ததும் அது எங்கே போகும்? மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்போடு வெளியே வருகிறது. உங்கள் நாக்குக்குத் தெரிந்தது அதுதான். முழுச் சுவருக்கும் சிமெண்ட் பூசினால் ஈரம் உத்திரம் வரைக்கும் ஏறும், அப்புறம் கட்டை கெடும்.

முட்டைப் பூச்சு பற்றி நானே பட்டதைச் சொல்கிறேன். முதலில் வந்த கொத்தனார் சீக்கிரம் இறுகட்டும் என்று சுண்ணாம்புக் கலவையில் எனக்குத் தெரியாமல் சிமெண்டை ஒரு கை போட்டுவிட்டார். மூன்றாம் நாள் தலைமுடி மாதிரி கீறல் ஓடியது. முழுக்கக் கொத்தி எடுக்கச் சொன்னேன், கூலியும் கொடுத்தேன், மனுஷனை அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் 70 வயசுக்காரர். எங்கள் வீட்டு ஆட்களோடு ஒரு வாரம் அவர் பேசியதே “காயட்டும்” என்ற ஒரு சொல்தான். ஒவ்வொரு கை பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கடைசிக் கைக்கு, ஊறி நாளான சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தார். அன்றைக்கு ஒரு சுவருக்கு நாலு பேர். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தின இடத்தில் கோடு விழும். மத்தியானச் சாப்பாட்டுக்கே ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனார்கள். பூசிவிட்டு வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சுவரிலிருந்து முத்து முத்தாக வேர்வை மாதிரி தண்ணீர் வரும். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். சாயங்காலம் அரிக்கேன் லைட்டைப் பிடித்தால் சுடர் சுவருக்குள்ளே தெரிந்தது. வேர்ப்பது மறுநாளும் நிற்கவில்லை, நானும் என் நாத்தனாரும் துணியோடு உட்கார்ந்திருந்தோம்.

மிஞ்சிய மஞ்சள்கருவை என்ன செய்வதென்று தெரியாமல் தெரு முழுக்கக் கொடுத்தோம். இரண்டாம் நாள் நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரணைக்காரன்:

எங்க அப்பா, தாத்தா எல்லாம் இதே வேலை, நானும் அதுதான். ஆச்சி சொன்னதில் ஒன்று சேர்க்கணும். முழுச் சுவரையும் உரிக்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டால் விட்டுடுங்க. பொத்துன்னு கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்க. அந்த அளவு மட்டும் எடுத்தால் போதும். சிமெண்டை எடுக்கும்போது பெரிய சுத்தியல் வேண்டாம், சின்ன உளியாலே ஓரத்திலிருந்து நெம்பணும், இல்லேன்னா செங்கலும் கூடவே வந்துடும்.

உப்பைத் தண்ணி ஊற்றிக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ளே போயிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்குங்க. அப்புறம் வெறும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து ஒரு கை சொரசொரப்பாகப் பூசி விடுங்க. அது உப்பை இழுத்துக்கும். சில மாசம் கழிச்சு அதையே சுரண்டி எறிஞ்சிடலாம், பலி கொடுக்கிறதுக்குன்னே பூசுற பூச்சு அது. உப்பு இருக்கிற சுவரில் நேரா முட்டைப் பூச்சு பூசினா மொத்தக் காசும் போச்சு.

அதனால தைக்குள்ளே முட்டைப் பூச்சு முடிக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நடுவில் மழைக்காலம் வேற, சுண்ணாம்பு காயாது. இப்பவே சிமெண்டை எடுங்க, சொரசொரப்புப் பூச்சைப் போடுங்க, கல்யாணத்துக்கு அதன் மேலே வெள்ளையடிச்சு மாக்கோலம் போட்டுக்கோங்க. பங்குனியில் கூப்பிடுங்க, வெயில் எங்க பக்கம் இருக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணியிலதான் கலவை குழைப்போம், அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை வச்சு யாரோடும் சண்டை போடாதீங்க.

இன்னொண்ணு. எங்கே ஒட்டுப் போட்டாலும் முட்டைப் பூச்சில் ஒட்டு தெரியும். அடியில் வண்ணப் பட்டை ஓடும் பாருங்க, அந்தக் கோட்டோடு நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது.

அஞ்சாம் புள்ளி:

ஆச்சிக்கு ஊரிலேயே இருக்கிற வசதி. எங்களைப் போலச் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கொத்தனாரை மூன்று நாள் சேர்ந்தாற்போல் பிடிப்பதே பெரும்பாடு. காண்ட்ராக்டரை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். பின்கட்டில் புதிதாகக் கட்டும் குளியலறைக்கும் கக்கூஸுக்கும் அவர்தான் சரியான ஆள், அங்கே புட்டியும் டைல்ஸும் தாராளமாகப் போடட்டும். அப்புறம், வேலையைத் தொடங்கும் முன்னால் 5 புள்ளியும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் கூடல்வாய் தகடு வாங்கி இரண்டு வருடம் திண்ணையில் கிடந்தது, யார் பங்கு எவ்வளவு என்று தீராமல்.

வயிரவன் வீட்டு ஆச்சி:

ஐந்தாவது புள்ளி சொன்னது நூற்றுக்கு நூறு.

தரைக் கல்லை மறந்துவிட்டேன். தம்பி, அதன் மேல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு முகம். மெஷின் பாலிஷ், ஆசிட் இரண்டும் அந்த முகத்தைத் தின்றுவிடும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். புதுக் கல் வாங்கி நடுவில் பதித்தால் பழைய வேட்டியில் புதுத் துணியை ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். வீட்டில் சாமான் அறை, கட்டிலுக்கு அடி, இப்படி ஆள் நடக்காத இடத்தில் அதே பூ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து எடுத்து வளவில் போடுங்கள், புதுக் கல்லை அங்கே போடுங்கள். சுண்ணாம்பில் பதித்ததாக இருந்தால் உடையாமல் நெம்பி எடுக்கலாம்.

கதவு கொண்டி, கீல் ஏதாவது குறைந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். இடித்த வீட்டுத் தேக்கும் அங்கே வரும். பார்க்கத்தான் வயிறு எரியும்.

பின்கட்டுப் பேரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கூரைக்கு ஏறினேன், கூடல்வாயில் என் உள்ளங்கை நுழைகிற ஓட்டை. தகடு மாற்றியாகிவிட்டது, ஐந்து புள்ளியும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாலாவது கையெழுத்துக்கு மட்டும் தேவகோட்டைக்கு மூன்று தடவை போனேன்.

நாணயத்தால் தட்டினோம். நான் தட்ட, தங்கை சாக்பீஸ் பிடித்தாள். மேற்குச் சுவர் போகத் தெற்கு மூலையிலும் ஒரு முறம் அளவு பொத்தென்றது. சிமெண்டை எடுத்த அன்று உள்ளே செங்கல் கைவைத்தால் சில்லென்று இருந்தது, 12 வருட ஈரம். இப்போது சொரசொரப்புப் பூச்சு போட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தங்கைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். காண்ட்ராக்டர் குளியலறை வேலையைத் தொடங்கிவிட்டார், அவருக்குக் காப்பி கிடைக்கிறது.

சாமான் அறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் அதே சிவப்புப் பூ, அதே கருப்புக் கரை. பழைய சுண்ணாம்பில்தான் பதித்திருக்கிறது. எனக்குத் தேவை 11. “பன்னெண்டா எடுக்கச் சொல்லு, ஒண்ண அவன் ஒடைப்பான்” என்று திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்தாக.

ஒன்று உடைந்தது.