வாக் போனவருக்கும் ஹிட் அடித்தவருக்கும் ஒரே மார்க்கா?

கட்டைமட்டை:
பேஸ்பாலில் எந்த பேட்டரைப் பற்றிப் பேசினாலும் "ஓபிபி எவ்வளவு?" என்று ஒருவர் வந்துவிடுகிறார். ஆன்-பேஸ் பெர்சென்டேஜ், அதாவது ஆடிய தடவைகளில் எத்தனை தடவை அவுட்டாகாமல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில் ஒன்று) போனார் என்கிற கணக்கு. 2004-ல் ஜப்பானிய பேட்டர் இச்சிரோ 262 ஹிட் (பந்தை அடித்துப் பேஸுக்குப் போவது) அடித்தார். அமெரிக்காவின் முதன்மை லீக்கான மேஜர் லீக்கில் ஒரே சீசனில் அவ்வளவு வேறு யாரும் அடித்ததில்லை. ஆவரேஜ், அதாவது வாக்கைச் சேர்க்காமல் ஹிட்டை மட்டும் பார்க்கும் கணக்கு, 0.372. அதே வருஷம் ஆடம் டன் என்ற பேட்டருக்கு 0.266. ஓபிபியில் பார்த்தால் 0.414-க்கு 0.388! நூறு பாயிண்ட் (0.001 ஒரு பாயிண்ட்) இடைவெளி இருபத்தாறாகச் சுருங்கிவிட்டது. மட்டையைத் தோளில் சாய்த்து நாலு மோசமான பந்தை வேடிக்கை பார்த்து முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போனவருக்கும் (அதுதான் வாக்), விழுந்தடித்து ஓடி ஹிட் எடுத்தவருக்கும் ஒரே மார்க்கா?

நாலாம்பால்:
வேடிக்கையா? பந்து அரை நொடிக்குள் வந்துவிடும் சார். அதற்குள் விடுவதா அடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸில் ஒரு டீமுக்கு 27 அவுட்தான். ஓவர் கணக்கு கிடையாது. அவுட் ஆகாதவரை ஆடிக்கொண்டே இருக்கலாம். அப்படியிருக்க, அவுட் ஆனாரா இல்லையா என்பதைத்தானே முதலில் கேட்க வேண்டும்? 1950-களில் ஆடிய எடி யோஸ்ட்டின் ஆவரேஜ் வெறும் 0.254. ஓபிபி 0.394. டீம் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி 1954-லேயே இதைத்தான் எழுதினார். மேஜர் லீக் இதை அதிகாரப்பூர்வக் கணக்காக எடுத்துக்கொள்ள 1984 ஆனது.

கட்டைமட்டை:
சரி, இரண்டாவது பேஸில் ஆள் நிற்கிறார், இரண்டு அவுட். ஹிட் விழுந்தால் பெரும்பாலும் ரன். வாக் போனால் அவர் அங்கேயேதான் நிற்பார். ஓபிபிக்கு இது தெரியுமா?

நாலாம்பால்:
தெரியாது. ஆவரேஜுக்கு மட்டும் சிங்கிளுக்கும் ஹோம் ரன்னுக்கும் வித்தியாசம் தெரியுமா?

ஸ்கோர்ஷீட்:
நடுவில் நுழைகிறேன். ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டு, பேட்டர் பேஸில் பத்திரமாக நின்றாலும் அது எரர் என்றால் ஓபிபியில் அவுட் ஆன மாதிரிதான். அப்புறம் சேக்ரிஃபைஸ் ஃப்ளை (உயர அடித்துக் கேட்ச் கொடுத்து, பேஸில் நிற்பவரை ரன் எடுக்க வைப்பது) வகுக்கும் எண்ணில் சேரும், சேக்ரிஃபைஸ் பன்ட் (பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி அவரை முன்னேற்றுவது) சேராது. இரண்டுமே டீமுக்காகக் கொடுத்த அவுட்தானே? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டைமட்டை:
அதைவிடக் கூத்து சான் ஃபிரான்சிஸ்கோவின் அதிரடி பேட்டர் பாரி பாண்ட்ஸ். 2004-ல் ஓபிபி 0.609. வாக் 232, அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. எதிரணி பயந்ததற்கு இவருக்கு மார்க்.

நாலாம்பால்:
அந்த 120-ஐ மேலும் கீழும் கழித்துப் பாருங்கள். 497-க்கு 256, அதாவது 0.515. பழைய பேட்டர் டெட் வில்லியம்ஸின் 0.482-தான் ஆயுட்காலக் கணக்கில் முதலிடம், அதற்கும் மேலே. பயம் என்றீர்களே, 1998 மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், அரிசோனா 8-6 என்று முன்னணி. கேட்சர் எழுந்து ஒதுங்கி நிற்க, பாண்ட்ஸுக்கு வாக் கொடுத்து ஒரு ரன்னைத் தானமாக விட்டார்கள். 8-7. அடுத்து வந்த பிரென்ட் மெய்ன் ரைட் ஃபீல்டில் கேட்ச் ஆனார், அரிசோனா ஜெயித்தது. ஒரு ரன் போனாலும் போகட்டும், இவர் அடிக்க வேண்டாம் என்று நினைத்தார்களே, அது எந்த ஆவரேஜில் தெரியும்?

கட்டைமட்டை:
அது பாண்ட்ஸ். எல்லோரும் பாண்ட்ஸா? ஓபிபி பார்த்து ஆள் எடுத்தது என்று நீங்கள் கொண்டாடும் 2002 ஓக்லாந்து டீமையே எடுங்கள். 103 வெற்றிக்குப் பாதிக் காரணம் ஹட்சன், மல்டர், ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). தொடர்ச்சியான இருபதாவது வெற்றி எப்படி வந்தது? 11-0 முன்னணியைப் பறிகொடுத்து 11-11 ஆன பிறகு, ஓபிபிக்காகவே எடுத்த ஸ்காட் ஹாட்டிபெர்க் ஹோம் ரன் அடித்தார். வாக் இல்லை!

நாலாம்பால்:
பிட்சர்கள் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அதை யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஹோம் ரன்னை இன்னொரு தடவை பாருங்கள். முதல் பந்தை விட்டுவிட்டார், அது "பால்" (நாலு சேர்ந்தால் வாக் ஆகும் மோசமான பந்து). அடுத்ததைத்தான் அடித்தார்.