கோடாலி எங்கய்யா இருந்துச்சு? (டிலன், நியூபோர்ட், 1965)

பழைய இசைத்தட்டு:
நேத்து ஒரு அன்பர் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட வாழ்க்கைய பத்து வரில எழுதிப் போட்டிருந்தாரு. எட்டு வரி பரவால்ல. ஒம்பதாவது வரி அப்படியே தர்றேன்: "1965 நியூபோர்ட் விழாவில் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரைத் தொட்டதும் பீட் சீகர் கோடாலியோடு ஓடிப்போய் ஒயரை வெட்டினார், கூட்டம் யூதாஸ் என்று கத்தியது." (நியூபோர்ட்டுங்கறது அமெரிக்காவுல நடக்கற ஃபோக், அதாவது நாட்டுப்புறப் பாட்டு விழா. சீகர் மூத்த ஃபோக் பாடகர். டிலன் அங்க சாதா கிட்டாரோட பாடிட்டிருந்த ஆளு. யூதாஸ்னா துரோகின்னு அர்த்தம்.) லைக் வேற குவியுது.

கோடாலி எங்கய்யா இருந்துச்சு? வெட்டுன ஒயரு எது? ஒயர வெட்டியிருந்தா அடுத்த பாட்டு எப்படி கேட்டுச்சு? அன்னிக்கு ஜூலை 25, மூணு பாட்டு முழுசா பேண்டோட வாசிச்சாங்க, ரெக்கார்டிங்கே இருக்கு, கேட்டுப் பாக்கலாம். சீகர் சொன்னது "கோடாலி இருந்தா இந்த கேபிள வெட்டிருவேன்"ங்கற மாதிரி ஒரு பேச்சு. இருந்தா. அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா.

கம்பிமீட்டி:
அந்த அன்பர் நான்தான், பேர் சொல்லியே திட்டுங்க சார், பயம் என்ன. 2024ல டிலன் பத்தி வந்த "எ கம்ப்ளீட் அன்னோன்" படம் பாத்தீங்களா? கோடாலிய க்ளோசப்புல காட்டுறான். அவ்வளவு செலவு பண்ணி எடுக்கறவனுக்கு தெரியாதது உங்களுக்கு தெரிஞ்சிருச்சா? நெருப்பில்லாம புகையாது.

பழைய இசைத்தட்டு:
தம்பி, அதே படத்துல கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 65ல நியூபோர்ட்டுல நிக்கிறாரு. நிஜத்துல அவர் வந்தது 64ல. யூதாஸ்னு ஒருத்தன் கத்துறதும் நியூபோர்ட்டுலன்னு காட்டுறாங்க. நிஜத்துல அது 1966 மே 17, இங்கிலாந்து, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். நடுவுல ஒரு அட்லாண்டிக் கடலும் பத்து மாசமும் கிடக்கு. படம் எடுக்கறவன் கதைக்காக மாத்துவான், அது அவன் தொழில். நீங்க வரலாறுன்னு தலைப்பு போட்டு எழுதுனீங்க பாருங்க, அதான் எரிச்சலு. அப்புறம் படத்துலயே சீகர் கோடாலிய பாக்குறாரு, அவ்வளவுதான், பொண்டாட்டி முறைச்சதும் தொடக்கூட இல்ல. படத்தையும் ஒழுங்கா பாக்கல.

சும்மா வந்தேன்:
1949ல சக பாடகர் லீ ஹேஸ் கூட சேந்து "சுத்தியல் இருந்தா"ன்னு பாட்டு எழுதுன மனுஷன்யா சீகர். அங்கயும் "இருந்தா" தான். பாவம், கடைசி வரைக்கும் அவர் கையில ஒரு டூலும் வந்து சேரல 😂

பாஞ்சோ பித்தன்:
சிரிக்கிறதுக்கு இது விஷயம் இல்ல. 1955ல கம்யூனிஸ்டுகள விசாரிச்ச அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி நின்னு, என் பாட்டு பத்தி கேளு சொல்றேன், நான் யாருக்கு ஓட்டு போட்டேன் எந்த கட்சின்னு கேக்க உனக்கு உரிமை இல்லன்னு சொன்ன ஆளு. 61ல தண்டனை குடுத்தாங்க, 62ல மேல்கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு. டிவில பல வருஷம் முகத்தையே காட்ட விடல. அப்படிப்பட்டவர, சின்னப் பையன் வளர்ச்சி பொறுக்காத கெழவனா ஒரு கோடாலி கதைல சுருக்கி வச்சிட்டீங்க. கோடாரிக்காம்புன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல நம்மகிட்ட, அது பொருந்துறது டிலனுக்குத்தான். இந்த விழாதான் அவர தூக்கிவிட்டுச்சு, அதே மேடைலயே வெட்டுனாரு.

நிலவறை வாசகி:
ஆக கோடாலி சீகர் கையிலயும் இல்ல, டிலனே கோடாலி. அருமை. எனக்கு ஒண்ணு புரியல, டிலன் என்னிக்கு உங்க ஆளா இருந்தாரு? 1959ல அவர் வளந்த ஹிப்பிங் ஊரு ஸ்கூல் இயர்புக்குல லட்சியம்ன்னு போட்டது ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டோட சேரணும்னு. அந்த வருஷம் ஜனவரி கடைசில டுலூத்துல இன்னொரு ராக் பாடகர் பட்டி ஹாலிய நேர்ல பாத்தாரு, மூணு நாள்ல ஹாலி பிளேன் விழுந்து செத்துட்டாரு, நோபல் உரைல அவரே சொல்லியிருக்காரு. ராக் அண்ட் ரோல்ல பொறந்து ஃபோக்குக்கு வந்துட்டு திரும்பி வீட்டுக்கு போனவன துரோகின்னா எப்படி.

இன்னொண்ணு. இவர் வாழ்க்கை வரலாறே பாதி இவரே அளந்து விட்டது. ஊர் சுத்துற கார்னிவல் கூட்டத்தோட வளந்தேன், அப்பா அம்மாவோட பல வருஷமா தொடர்பில்லன்னு நியூயார்க்குல கதை. 63 கடைசில நியூஸ்வீக் பத்திரிகை போட்டு உடைச்சுது, கார்னெகி ஹால் கச்சேரிக்கு அப்பா அம்மாவே வந்து பக்கத்துலயே தங்கியிருக்காங்க. அப்பா ஹிப்பிங்ல ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விக்கிற கடைக்காரரு. குடும்பப் பேரே ஜிம்மர்மன், டிலன்ங்கறது இவரா வச்சுக்கிட்டது. கோடாலிக்கு இவ்ளோ ஆவேசப்படுற இசைத்தட்டு சார் இந்தக் கதைக்கெல்லாம் ஒரு வார்த்த சொன்னதில்ல.

கத்துக்குட்டி:
புதுசுங்க நான். ஒரு சந்தேகம். ஃபோக் பாடகர்னா யாரு? சொந்தமா எழுதி பாடுனா அது ஃபோக்கா? முதல்ல அத சொன்னா சண்ட புரியும்.

பழைய இசைத்தட்டு:
வாசகி மேடம், பேச்ச மாத்தாதீங்க. அவர் அப்பாவ பத்தி பொய் சொன்னாரு, சரி, அதுக்கு கோடாலி முளைச்சிருமா?

நடந்தத வரிசையா சொல்றேன், யாராவது படிச்சா சரி. முந்தின ராத்திரிதான் ஒத்திகை. கிட்டாருக்கு மைக் ப்ளூம்ஃபீல்டு, ஆர்கனுக்கு அல் கூப்பர், பட்டர்ஃபீல்டு ப்ளூஸ் பேண்டுலேர்ந்து ட்ரம்ஸ், பேஸ் ஆளுங்க. ஒரு ராத்திரில தேறுனது மூணே பாட்டு. மறுநாள் ராத்திரி கருப்பு லெதர் கோட்டு போட்டுட்டு அஞ்சு நாள் முன்னாடி ரிலீசான "லைக் எ ரோலிங் ஸ்டோன்"ங்கற ஆறு நிமிஷ பாட்டயும் சேத்து மூணயும் வாசிச்சிட்டு இறங்கிட்டாரு. கூட்டம் ஊளையும் விட்டுச்சு, கையும் தட்டுச்சு, ரெண்டும் டேப்புல இருக்கு. பீட்டர் பால் மேரி பாட்டுக்குழுவோட பீட்டர் யாரோவ் மைக்கு முன்னாடி வந்து கெஞ்சுறாரு, திரும்ப வருவாருன்னு. திரும்பி வந்தது சாதா கிட்டாரோட. வந்துட்டு கூட்டத்த பாத்து கேக்குறாரு, யாருகிட்டயாவது E சுருதி ஆர்மோனிக்கா, அதாவது மவுத் ஆர்கன், இருக்கான்னு. கீழேர்ந்து டொக்கு டொக்குன்னு மேடைல வந்து விழுது. கூட்டம் யூதாஸ்னு கத்துச்சுன்னு எழுதுனீங்களே, ஊளை விட்ட அதே கூட்டம்தான் ஆர்மோனிக்கா தூக்கிப் போட்டுச்சு. திரும்பி வந்து பாடுனதுல ஒண்ணு "எல்லாம் முடிஞ்சு போச்சு கண்ணு"ங்கற மாதிரி பாட்டு, பாடிட்டு போயிட்டாரு. இதுல கோடாலி எந்த நிமிஷத்துல வருது? எந்த நிமிஷம்னு மட்டும் சொல்லுங்க.

கம்பிமீட்டி:
எந்த நிமிஷம்னு ஸ்டாப்வாட்ச் வச்சு சொல்லணுமா சார். கோவம் வந்துச்சா இல்லையா? வந்துச்சு. வெட்டணும்னு நெனச்சாரா இல்லையா? நெனச்சாரு. சீகரே வாயால 2005ல வந்த டிலன் டாக்குமெண்டரில சொல்றாரு. அப்புறம் கோடாலி கைல இருந்தா என்ன மனசுல இருந்தா என்ன.

பழைய இசைத்தட்டு:
மனசுல இருந்தா என்னவா?? அப்போ நீங்க எழுதினது "வெட்டினார்". வெ-ட்-டி-னா-ர். மனசுல வெட்டுனாருன்னு எழுதல.

பாஞ்சோ பித்தன்:
அந்த டாக்குமெண்டரியயே சரியா கேளுங்க. கோவம் எலக்ட்ரிக் மேல இல்ல, சவுண்டு மேல. ஒரு வார்த்தை புரியலன்னு சவுண்டுக்காரன்கிட்ட போய் கத்துனாரு, அவன் இப்படித்தான் அவங்களுக்கு வேணுமாம்னுட்டான். வார்த்தைக்காக வாழ்ந்த மனுஷன், வார்த்தை கேக்கலன்னா கோவம் வராதா?

கம்பிமீட்டி:
ஆமா ஆமா, ஆடத் தெரியாதவ மேடை கோணல்ன்னாளாம். இவருக்கு பிடிக்கலன்னா சவுண்டு சரியில்ல. சவுண்டு சரியில்லன்னா சரி பண்ண சொல்லுவாங்க, கோடாலி கேக்க மாட்டாங்க.

பாஞ்சோ பித்தன்:
பட்டர்ஃபீல்டு பேண்டு அதே விழாவுல அதே வார கடைசில எலக்ட்ரிக்லதானே வாசிச்சாங்க. அவங்க ஒயர யாரு வெட்டப் போனா? சொல்லுங்க பாப்போம்.

நிலவறை வாசகி:
வெட்டல, கட்டிப் புரண்டாங்க. ஆலன் லோமாக்ஸ் அந்த பேண்டை மேடைல எகத்தாளமா அறிமுகப்படுத்துனதுக்கு டிலனோட மேனேஜர் கிராஸ்மன் போய் கேக்க, ரெண்டு பெரிய மனுஷங்க, ரெண்டு பேருமே நல்ல கனமான ஆளுங்க, மண்ணுல உருண்டாங்க. நாட்டுப்புறப் பாட்ட ஊர் ஊரா சேகரிச்ச அறிஞர் ஒரு பக்கம், டிலனையும் பீட்டர் பால் மேரியையும் வச்சு காசு பண்ணுன ஆளு ஒரு பக்கம். நிஜமா அடிதடி நடந்தது இங்க. இத யாரும் படம் போட்டு சொல்றதில்ல, இல்லாத கோடாலிய கட்டிக்கிட்டு அழறீங்க.

சும்மா வந்தேன்:
லோமாக்ஸ் கிராஸ்மன் மல்யுத்தத்துக்கு டிக்கெட் எவ்ளோ 🍿

கம்பிமீட்டி:
டைலன் பேச்ச விட்டு எங்கயோ போயிட்டீங்க.

பழைய இசைத்தட்டு:
டிலன். டைலன் இல்ல. பேரே தெரியல, வாழ்க்கை வரலாறு எழுத கிளம்பிட்டாரு.

கம்பிமீட்டி:
தமிழ்ல நான் எப்படி வேணா எழுதுவேன். நீங்க 2016ல நோபல் அறிவிச்சப்ப இங்க "பாட்டுக்காரனுக்கு இலக்கியப் பரிசா, அடுத்து சமையல்காரனுக்கா"ன்னு எழுதுன ஆளுதானே? இப்ப என்னமோ அவர் சொந்தக்காரர் மாதிரி பேரு திருத்துறீங்க. நான் மறக்கல சார்.

பழைய இசைத்தட்டு:
அது வேற, இது வேற. இப்பவும் அதே கருத்துதான். பரிசு வாங்கப் போகாம டிசம்பர்ல பாடகி பாட்டி ஸ்மித்த அனுப்பி பாட வச்சு, ஏப்ரல்ல போய் கதவ சாத்திட்டு மெடல் வாங்குனது மரியாதையான்னு இன்னிக்கும் கேப்பேன். பிடிக்காத ஆளப் பத்தியும் உண்மையத்தான் எழுதணும், அதான் என் கட்சி. முதல் ஆல்பம் 1962 மார்ச், பதிமூணு பாட்டுல சொந்தப் பாட்டு ரெண்டே ரெண்டு, கம்பெனிக்குள்ளயே, அவர ஒப்பந்தம் பண்ணுன ஜான் ஹேமண்டோட முட்டாள்தனம்னு கேலி பண்ணாங்க, அடுத்த வருஷமே ஆல்பம் முழுக்க கிட்டத்தட்ட சொந்தப் பாட்டு. இந்த தாவல் எப்படி நடந்துச்சுன்னு எழுதுங்கய்யா, பழைய அடிமைகள் பாட்டோட மெட்ட எடுத்து எப்படி புதுசு பண்ணாருன்னு எழுதுங்க. ஆஸ்பத்திரில உடம்பு உதறிக்கிட்டு கிடந்த ஃபோக் பாடகர் வுடி கத்ரிகிட்ட போய் அவரோட பாட்டையே பாடிக் காட்டுன பத்தொம்பது வயசு பையன பத்தி எழுதுங்க. உங்களுக்கு கோடாலிதான் கண்ணுக்கு தெரியுது.

பாஞ்சோ பித்தன்:
அடிமைகள் பாட்டு மெட்ட எடுத்தாருன்னு சாதாரணமா சொல்லிட்டு போறீங்க. அதுக்கு பேரு எங்க ஊர்ல வேற.

நிலவறை வாசகி:
பித்தன் சார், ஃபோக்குல எல்லாரும் அதத்தான் பண்ணாங்க, கத்ரி பண்ணல? உங்க சீகர் பண்ணல?

பாஞ்சோ பித்தன்:
சீகர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு மேடைல சொல்லிட்டு பாடுவாரு. வித்தியாசம் தெரியலன்னா விடுங்க.

கத்துக்குட்டி:
அதாங்க நானும் கேட்டேன், சொந்தமா எழுதுனா ஃபோக்கான்னு...

சும்மா வந்தேன்:
தம்பி நீ தப்பான நேரத்துல சரியான கேள்வி கேக்குற, ஓரமா உக்காரு. அந்த ராத்திரி டிலன் வாசிச்ச ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 2013ல ஏலத்துல 9,65,000 டாலருக்கு போச்சு. பிளேன்லயே மறந்து வச்சிட்டு போயிருக்காரு, பைலட் வீட்டுல கிடந்திருக்கு அத்தன வருஷம். கோடாலி மட்டும் நிஜமா இருந்திருந்தா அதயும் எவனாவது ஏலம் விட்ருப்பான். விடலையே.

பழைய இசைத்தட்டு:
கோமாளி மாதிரி பேசினாலும் இந்த திரியில உருப்படியா பேசுனது இவர் ஒருத்தர்தான்.

கம்பிமீட்டி:
ஏலம் விடலன்னா இல்லன்னு அர்த்தமா, நல்ல லாஜிக்கு. டிலனே 37 வருஷம் அந்த விழா பக்கம் போகல சார். 2002ல போனப்ப ஒட்டு தாடியும் விக்கும் மாட்டிக்கிட்டு போனாரு. ஏன்? மறக்காத காயம் ஒண்ணு இருந்திருக்கு. ஒயரு அறுந்துதோ இல்லையோ உறவு அறுந்துச்சு.

பழைய இசைத்தட்டு:
இப்ப உறவு அறுந்துச்சாம். காலைல ஒயரு, இப்ப உறவு. நாளைக்கு விக்கு தாடிய வெட்டுனது சீகர்னு எழுதுவீங்க.

கம்பிமீட்டி:
சரி, உங்க நிம்மதிக்காக பதிவ எடிட் பண்ணிட்டேன். "வெட்டினார்" எடுத்துட்டு "வெட்டப் போனார்"ன்னு போட்டுட்டேன். திருப்தியா? இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்.

நிலவறை வாசகி:
யூதாஸ் இன்னும் நியூபோர்ட்டுலயே நிக்கிறாரு, அவரையும் கப்பல் ஏத்தி மான்செஸ்டருக்கு அனுப்புங்க.

கம்பிமீட்டி:
மான்செஸ்டர் டேப்பையே லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்னு பேர் போட்டு முப்பது வருஷம் திருட்டு ரெக்கார்டா வித்தாங்க, 98ல கம்பெனியே ரிலீஸ் பண்ணப்பகூட அந்த தப்பான பேர அட்டைல விட்டு வச்சாங்க. அவங்கள யாரும் கேக்கல. நான் ஒருத்தன் கிடைச்சேன்.

பழைய இசைத்தட்டு:
வரமாட்டேன்னு சொல்லி நாலு நிமிஷம் ஆகல. இருக்கட்டும். "வெட்டப் போனார்"ன்னா கைல என்னத்த எடுத்துட்டு போனாரு? அத மொதல்ல சொல்லுங்க.