ஆல்பர்ட்டாவின் ஹட்டரைட்டுகள்: நல்லெண்ணத்துக்கான முதல் அடி யாருடையது?

நெடுவழி:
கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், சொத்து முழுவதையும் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் சமயக் குடியிருப்புகள் மீது அண்டை உழவர்களுக்கு நெடுங்காலமாகவே மனக்குறை உண்டு. வேண்டிய பொருள்களை அவர்கள் மொத்தமாக வெளியூரில் வாங்கிவிடுவதால் சிற்றூர்க் கடைகளுக்கு வருவாய் இல்லை. பிள்ளைகள் குடியிருப்புக்குள்ளேயே தங்கள் பாடத்தை மட்டும் படிப்பதால் பழக்கமும் ஏற்படுவதில்லை. புகலிடம் தந்த நாட்டின் நல்லெண்ணத்தைப் பெறும் முயற்சி, வந்து சேர்ந்தவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

மேழி:
நண்பரே, அவர்கள் அழையாமல் வந்தவர்கள் அல்லர். போர்ப்பணியைச் சமய நம்பிக்கையால் மறுக்கும் ஹட்டரைட்டுகளுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு உண்டு என்று கனடா அரசு 1899-லேயே ஆணை பிறப்பித்திருந்தது. அதை நம்பித்தான், படையுடை அணிய மறுத்ததற்காகச் சிறைப்பட்ட ஹட்டரைட் சகோதரர் இருவர் அமெரிக்காவின் லெவன்வொர்த் சிறையில் உயிரிழந்த அதே 1918-இல், தெற்கு டகோட்டாவின் குடியிருப்புகள் வடக்கே பெயரத் தொடங்கின. அப்படி வந்தவர்களுக்கு நிலம் விற்பதையே ஆல்பர்ட்டா 1942-இல் தடை செய்தது. பகைநாட்டாரோடு சேர்த்து அவர்களைப் பெயர் சுட்டித் தடுத்தது. 1947-இல் வந்த சட்டம், புதிய குடியிருப்பு பழையதிலிருந்து 40 மைல் தள்ளியே அமைய வேண்டும் என்று விதித்தது. ஏறத்தாழ 150 பேர் சேர்ந்ததும் ஒரு குடியிருப்பு இரண்டாகப் பிரிந்து புதிய நிலம் தேடுவது அவர்களது வாழ்க்கை முறை என்பதால், அவ்விதி அதன் வேரையே தாக்கியது. 1973-இல்தான் அச்சட்டம் நீங்கியது.

நெடுவழி:
அச்சட்டங்களை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும், தனி ஊதியம் இல்லாமல் பல ஆண்டுகள் பொதுநிதியில் சேர்த்த பணத்தோடு நிலம் வாங்க வரும் குடியிருப்பின் முன், வங்கிக் கடனில் நிற்கும் குடும்ப உழவர் என்ன செய்வார்? ஓட்டுநர் உரிமத்தில் ஒளிப்படம் கட்டாயம் என்று 2003-இல் மாகாணம் விதித்தபோதும் வில்சன் குடியிருப்பினர் வழக்காடினார்களே தவிர இறங்கி வரவில்லை.

மேழி:
இறங்கி வந்தார்கள். ஒளிப்படம் எடுப்பது பத்துக் கட்டளைகளுக்கு மாறானது என்று நம்பியும், ஒளிப்படமில்லாத உரிமத்தில் 'அடையாளச் சான்றாகப் பயன்படாது' என்று அச்சிட்டுத் தரலாம் என்று அவர்களே முன்வந்தார்கள். ஒளிப்படத்திலிருந்து முன்பு விலக்குப் பெற்றிருந்த உரிமங்கள் மாகாணம் முழுவதும் 453 மட்டுமே. எனினும் 2009-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளே ஏற்காத தீர்ப்பை வைத்து அவர்களைப் பிடிவாதக்காரர் என்பது முறையன்று.

வாய்க்கால்:
நெடுவழி ஐயாவுக்கு ஒரு திருத்தம். அங்குள்ள பள்ளிகளில் வெளியிலிருந்து செல்லும் ஆசிரியர்கள் மாகாணப் பாடத்திட்டத்தையே நடத்துகிறார்கள். ஜெர்மன் மொழியும் சமயமும் அதற்கு வெளியே தனி நேரத்தில் கற்பிக்கப்படுகின்றன. உழவர் சந்தைகளில் அவர்களது காய்கறியையும் கோழியையும் வாங்குவோர் ஏராளம். பழக்கமே இல்லை என்பது மிகைக்கூற்று. ஆனால் மேழி அவர்களும் நிலப் போட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லாமல் பழைய சட்டங்களின் கொடுமையை மட்டும் பேசினால், இன்று அருகில் உழுகிறவர் நம் பக்கம் வரமாட்டார்.

நெடுவழி:
பள்ளி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அவர்கள் முன்வைத்த மாற்று ஏற்பாட்டையும் நான் கருத்தில் கொள்ளவில்லை. நிலம் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.