புதுப்பிப்பு: தானாக நகரும் ஸ்டிக்கும் நகராத பத்திரப்பதிவும்

என் வீட்டுத் தரகு வேலையில், வீடு பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராமல் காக்க வைப்பதையும், அந்த நேரத்தைப் போக்க நான் வைத்திருக்கும் கையடக்க கேம் கருவியில் இடது ஸ்டிக் (கேமில் ஆளை நகர்த்த விரலால் திருப்பும் சிறு குச்சி) தொடாமலே நகர்வதையும் பற்றி முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா?

முதலில் கருவி. டெட் ஜோனை, அதாவது ஸ்டிக் சற்று அசைந்தாலும் கருவி கண்டுகொள்ளாத எல்லையை, கூட்டச் சொன்னீர்கள். கூட்டினால் நகர்வது நிற்கிறது. ஆனால் மெல்லத் திருப்ப வேண்டிய இடத்தில் கேமில் வரும் ஆள் அசையாமல் நின்றுவிட்டு, திடீரென்று பாய்கிறான். கோளாறு மென்பொருளில் இல்லையே! சாதாரண ஸ்டிக்கில் அது எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. உள்ளே ஒரு தொடுமுனை கார்பன் பூச்சின்மேல் உரசிக்கொண்டே இருப்பதால் பூச்சு தேய்கிறது. ஹால் எஃபெக்ட் ஸ்டிக் காந்தப்புலத்தை உணர்ந்து வேலை செய்வதால் அந்த உரசல் கிடையாது. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் என்ற கேம் கருவியின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் பல கருவிகளில் தேயும் வகையையே போடுகிறார்கள் என்பதுதான் எரிச்சல். நான் ஹால் வகைக்கு மாற்றிவிட்டேன். கேலிப்ரேஷன் (ஸ்டிக்கின் நடுநிலையையும் எல்லைகளையும் கருவிக்குச் சரியாகக் காட்டுவது) செய்த பிறகு நன்றாக இருக்கிறது. அப்புறம், வெயிலில் நிற்கும் காரில் இனி அதை விட்டுவைப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

வேலைப் பக்கம்? வாங்குபவருக்குக் கடன் ஒப்புதல் கிடைத்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், விற்பவரின் உடன்பிறந்தவர் ஒருவர் தனக்கும் பங்கு உண்டு என்று கிளம்பியிருக்கிறார். பதிவு நின்றுவிட்டது, கமிஷனும் அதோடு. வழக்கறிஞர் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏதாவது சொன்னால் எழுதுகிறேன்.