புதுப்பிப்பு: செமஸ்டர் முடிவதற்குள் லண்டன் பார்த்த கதை

செமஸ்டர் முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, இரண்டு கட்டுரைகள் பாக்கி, லண்டனை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். "ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் போ" என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அப்படியேதான் செய்தேன்.

காலையில் எழுத்து வேலை, மதியத்துக்கு மேல் நடை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்கு அனுமதி இலவசம். அதனால் மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் என்று போனேன். முழு நாள் அலைவதை விட இதுவே மேல். ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த பழங்கால எகிப்தியக் கல்லான ரொசெட்டா கல்லின் முன் கூட்டம் விலகக் காத்திருந்து நின்று பார்த்தேன்: மேலே சித்திர எழுத்து, நடுவில் டெமோட்டிக் (எகிப்தியரின் அன்றாட எழுத்து), கீழே கிரேக்கம். மேல்பகுதி உடைந்துபோய், சித்திர எழுத்துதான் அதிகம் தொலைந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1666 லண்டன் பெருந்தீயின் நினைவுத்தூண். உயரம் 202 அடி. தீ தொடங்கிய ரொட்டிக்கடைக்கும் தூணுக்கும் உள்ள தூரமும் அதுவே. சுருள் படிகள் 311. பாதியில் மூச்சு வாங்கியது, எதிரே இறங்குபவர்களுக்குச் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். மேலே போனதும் தேம்ஸ் காற்று முகத்தில் அடித்தது. அப்புறம் கிரீனிச்சில், 1902-இல் திறந்த சுரங்க நடைபாதை வழியாக ஆற்றின் அடியிலேயே அக்கரைக்கு நடந்தேன்.

கியூ தோட்டம் என்ற தாவரவியல் பூங்கா மட்டும் விட்டுப்போனது. கடைசிக் கட்டுரையை நேற்றிரவு அனுப்பிவிட்டேன், விமானம் வெள்ளிக்கிழமை. வியாழன் முழுக்க கியூவுக்குத்தான்.